அத்தையின் சனிக்கிழமைகள்

பதினான்காம் அத்தியாயம்

பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்து ஒரு வாரமாகிவிட்டது. அன்று யுவஸ்ரீ அதை அடுப்படியில் நின்றபடியே மூன்று முறை படித்ததையும், அவள் கணவன் தனபால் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்து அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லதுதான, படி" என்று முடித்துக்கொண்டதையும் சொல்லியிருந்தோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

யுவஸ்ரீக்கு முப்பத்தொரு வயது. நாமக்கல்லில் கோழி நோய்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு தனியார் ஆய்வகத்தில் ஏழு வருடமாக வேலை. பண்ணைகளில் செத்த கோழிகளின் உறுப்புகள் ஐஸ் பெட்டியில் வரும். அவற்றை அரைத்து, கிருமியின் ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, பிசிஆர் மெஷினில் ஓட்டுவது அவள் வேலை. வந்திருப்பது என்ன கிருமி என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போட முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது அங்கே விதி. யுவஸ்ரீ படித்தது பிஎஸ்சி. இரண்டு வருடம் முன்பு சேர்ந்த பிரவீனாவுக்கு மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். இன்று பிரவீனா போடும் கையெழுத்துக்கு அவள் காத்திருக்கிறாள்.

கடிதம் சொன்ன படிப்பு, மூலக்கூறு உயிரியலில் முதுகலை. வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே வளைந்து கொடுக்கும்படி அமைத்தது. மூன்று வருடத்திலும் முடிக்கலாம், ஐந்து வருடம் வரை இழுக்கவும் செய்யலாம். பாடங்கள் வாரத்தில் மூன்று மாலை, கம்ப்யூட்டர் வழியாக. செய்முறைக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் சேலத்துக்கு நேரில் வர வேண்டும். எந்தப் பருவத்தில் என்ன பாடம், அதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்று மாணவரே திட்டம் எழுதி எடுத்துவர வேண்டும். அதைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள்.

நேர்காணல் இன்று, வியாழக்கிழமை, பதினொன்றரை மணிக்கு.

காலை ஏழரைக்கு யுவஸ்ரீ மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். இலக்கியாவுக்கு ஐந்து வயது. பள்ளி வேன் எட்டு மணிக்கு வந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் திட்டத்தாள் விரித்துக் கிடந்தது. மாமியார் சௌந்திரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

சௌந்திரம் எதையும் அவசரமாகப் படிக்க மாட்டார். மருந்துச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் மேலிருந்து கீழே விரல் வைத்துத்தான் வருவார். ஆறு பருவத்துக்கு ஆறு வரிசை. பாடத்தின் பெயர், வகுப்பு நேரம், பரீட்சை மாதம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'இலக்கியா யாரிடம்'. விரல் அந்தக் கட்டத்தில் மட்டும் மேலும் கீழுமாக இரண்டு தடவை போய் வந்தது.

"ஏங் கண்ணு, இதுல எட்டு எடத்துல 'அத்தை'ன்னு எழுதியிருக்குதே. அது நாந்தான?"

"ஆமாங்கத்தை."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் யுவஸ்ரீக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கேட்கவில்லைதான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொள்கிறார், இனியும் பார்த்துக்கொள்வார் என்று எழுதிவிட்டாள். பஸ் நேரத்தை எழுதிய மாதிரியேதான் எழுதியிருந்தாள்.

சௌந்திரம் கண்ணாடியைக் கழற்றினார். தனக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு கோழி ஷெட்டுகள் இருக்கின்றன. நான்கு வருடத்துக்கு முன்பு மாமனார் குழந்தைவேல் காலமானதும், இனி இந்த வீட்டில் கோழி வேண்டாம் என்று தனபால் முடிவு செய்தான். மூன்று ஷெட்டுகளை அப்புசாமி என்பவருக்குக் குத்தகைக்கு விட்டான். நான்காவது சும்மா கிடந்தது. ஒரு மாதமாக சௌந்திரம் அதைக் கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அதையும் குத்தகைக்கு விடத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"நாளைக்கு வெடியால குஞ்சு எறக்கறாங்க. நாட்டுக்கோழி, ஐநூறு. ஈரோட்டுப் பக்கமிருந்து வருது. மொத ஒரு மாசம் அந்த ஷெட்ட உட்டு நான் நகர முடியாது. அப்பறமும் சனிக்கெழமை எனக்குச் சந்தை இருக்கும்."

யுவஸ்ரீயின் கையில் சீப்பு நின்றுவிட்டது. கணவனுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தனபாலுக்குத் தெரியாது, தானே சொல்லிக்கொள்வதாக சௌந்திரம் சொன்னார். சொன்னால் தடுப்பான் என்பதால்தான் குஞ்சு வந்து இறங்கும்வரை பொறுத்திருக்கிறாராம்.

"இருவத்திரண்டு வருசம் கோழியோட இருந்தவ நான். நாலு வருசமா சோறாக்கிட்டு உக்காந்திருக்கறேன். அம்பத்தாறு வயசு ஒரு வயசா?"

இலக்கியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேன் ஹாரன் கேட்டது. சௌந்திரம் பேத்தியின் பையைத் தூக்கிக்கொண்டு, "வா சாமி" என்று நடந்தார். வாசல் தாண்டும்போது திரும்பினார்.

"அந்தத் தாள்ல என்ற பையன் பேரு ஒரு எடத்துலயும் காணமே கண்ணு. எழுத மறந்துட்டியா?"

புதுச்சத்திரத்தில் ஏறிய சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆண்டகளூர் கேட் வரை யுவஸ்ரீ தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கோபம் வந்தது. ஒரு மாதமாக மறைத்தாரே என்று நினைத்தாள். கொஞ்ச தூரம் போனதும், தானும்தானே ஒரு வாரமாக அவரைக் கேட்காமல் அவர் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அந்தக் கோபம் மல்லூர் வரும்போது வேறு பக்கம் திரும்பியது. தனபால் பெயரை ஏன் எழுதவில்லை? மறக்கவில்லை. எழுதலாம் என்றே தோன்றவில்லை. பட்டறையில் சனிக்கிழமைதான் வண்டி டெலிவரி. ஆனால் அது காரணமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்கும் 'அத்தை' என்றுதான் எழுதியிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாழப்பாடிப் பள்ளி ஆசிரியர் தன் திட்டத்தைக் காட்டினார். பருவத்துக்கு ஒரே பாடம், ஐந்து வருடம், தாள் முழுக்க வெற்றிடம். தனக்கு அவசரமில்லை என்றார். யுவஸ்ரீக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

படிப்புக்குப் பொறுப்பாளர் பேராசிரியை சரிதா. நாற்பது வயதிருக்கும். யுவஸ்ரீயின் விண்ணப்பத்தைப் பார்த்ததும் திட்டத்துக்குப் போகாமல் நேராக வேலையைப் பற்றிக் கேட்டார். கிருமியே சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வெறும் தண்ணீர்க் குழாயிலும், கிருமி இருப்பதைக் காட்டும் கோடு திரையில் மேலே ஏறினால் என்ன செய்வீர்கள் என்றார்.

"அன்னைக்கு ஓட்டின எல்லாத்தையும் தள்ளிடுவேங்க மேடம். நல்லா வந்ததையும் சேர்த்து. ஒண்ணுல கலப்படம்னா எதையும் நம்ப முடியாது. பைப்பட்டைத் துடைச்சு, புது ரீஏஜென்ட் பிரிச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து எடுப்பேன்."

"பண்ணைக்காரர் வெளியில நின்னு அவசரப்படுத்தினா?"

"நிக்கட்டுங்க. தப்பாச் சொல்லிட்டா அவருக்குத்தான் கோழி போகும்."

சரிதா எதையோ குறித்துக்கொண்டார். அடிப்படைச் செய்முறைப் பாடத்தில் ஒரு தேர்வு எழுதிவிட்டால் அதற்கு வர வேண்டியதில்லை, வேலை அனுபவத்துக்கு அந்தச் சலுகை உண்டு என்றார். கடைசி ஆய்வுத் திட்டத்தை அவள் ஆய்வகத்திலேயே செய்யலாம், டாக்டர் சிவக்குமார் கடிதம் தந்தால் போதும். டாக்டர் சிவக்குமார்தான் ஆய்வக உரிமையாளர். தருவார் என்று யுவஸ்ரீ நம்பினாள்.

பிறகு திட்டத்தாளை எடுத்தார். முதல் பருவத்திலேயே மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல், மரபியல் மூன்றையும் போட்டிருந்ததைப் பார்த்துத் தலையசைத்தார். உயிர்வேதியியலை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளச் சொன்னார். மூன்று வருடத்தை நான்காக்கினால் ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம்தான் வரும். இரண்டாம் பருவத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் செய்முறைக் குழு ஒன்றும் தொடங்குகிறார்கள். முதல் பருவத்துக்கு மட்டும் சனிக்கிழமையைத் தவிர வழியில்லை. ஜூலையிலிருந்து பதினாறு சனிக்கிழமைகள். மூன்றுக்கு மேல் விட்டால் அந்தப் பருவம் போய்விடும்.

அவர் விரலும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

"இங்க எழுதியிருக்கிறது உறுதியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை.

"இல்லைங்க மேடம். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது. அவங்களுக்கு வேற வேலை இருக்குது."

சரிதா தாளை மேஜையில் வைத்தார். போன வருடம் பதினான்கு பேர் சேர்ந்து ஐந்து பேர் முதல் பருவத்திலேயே நின்றுவிட்டதாகவும், யாருக்கும் பாடம் கஷ்டமாக இருந்து அல்ல என்றும் சொன்னார். இடம் உண்டு, ஆனால் முதல் பருவத்துச் சனிக்கிழமைகளை எப்படிச் சமாளிப்பாள் என்று திங்கட்கிழமைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று தனபாலுக்குப் போன் செய்தாள். பின்னால் தகடு வெட்டும் சத்தம் கேட்டது. நான்கு வருடத் திட்டத்தையும் முதல் பருவத்துச் சனிக்கிழமைகளையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். கேட்கும்போது குரல் ஏன் இப்படி இறங்குகிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

தனபால் சத்தத்திலிருந்து தள்ளி வந்தான். ஞாயிற்றுக்கிழமை சரி என்றான். சனிக்கிழமை, மாதத்தில் இரண்டு தன்னால் முடியும், டெலிவரியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். மீதி இரண்டுக்கு அம்மா இருக்கிறாளே என்றான். குஞ்சு விஷயத்தை அத்தையே சொல்லிக்கொள்ளட்டும் என்று யுவஸ்ரீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"ஏன் யுவா, இதை ஒரு வாரம் முன்னாடியே என்னைய கேட்டிருந்தா என்ன?"

நல்ல மனிதன்தான். கேட்டால் செய்கிறவன். கேட்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இத்தனை வருடமாகக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

பதினாறில் எட்டு போனது. இன்னும் எட்டு.

புதுச்சத்திரத்தில் இறங்கி, காலையில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு இரண்டரைக்கு வந்து சேர்ந்தாள். பிரவீனா சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்தாள். டாக்டர் சிவக்குமார் ஐதராபாத்தில் ஒரு கூட்டத்தில். பன்னிரண்டு மணிக்கு வந்த ஐஸ் பெட்டி ஒன்று மேஜையில் இருந்தது. நான்கு வாரக் குஞ்சுகள், இரண்டு நாளில் நாற்பது சாவு என்று சீட்டில் எழுதியிருந்தது. கீழே பண்ணைக்காரரின் பெயர். அப்புசாமி, புதுச்சத்திரம்.

யுவஸ்ரீ அதை இன்னொரு முறை படித்தாள்.

பெட்டியில் இருந்தது பர்சா. கோழியின் பின்பக்கத்தில் இருக்கும் சுண்டைக்காய் அளவுப் பை. குஞ்சுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அங்கேதான் உருவாகிறது. இவை சுண்டைக்காய் அளவில் இல்லை. வீங்கி, உள்ளே ரத்தம் கசிந்து சிவந்திருந்தன. அவள் எதையும் முடிவு செய்யாமல் கையுறையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அரைத்தாள், பிரித்தாள், தண்ணீர்க் குழாயையும் சேர்த்து வைத்து ஓட்டினாள்.

ஐந்தரை மணிக்குத் திரையில் கோடுகள் எழுந்தன. தண்ணீர்க் குழாயின் கோடு கடைசிவரை தரையிலேயே கிடந்தது. அப்புசாமியின் ஐந்து குஞ்சுகளும் சீக்கிரமே, செங்குத்தாக ஏறின.

கம்போரோ, குஞ்சுகளின் பர்சாவைத் தாக்கும் நோய். தடுப்பூசி போட்ட குஞ்சுகளிலும் இத்தனை சாவு என்றால் வீரியமான வகை. இந்தக் கிருமி வெயிலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் சாகாது. தீவன மூட்டையில், செருப்படியில், எருவில் ஊரும் வண்டின்மேல் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். அப்புசாமியின் ஷெட்டுக்கும் சௌந்திரத்தின் நான்காவது ஷெட்டுக்கும் நடுவே அறுபது அடி. தண்ணீர்த் தொட்டி ஒன்று, பாதை ஒன்று.

பிரவீனாவுக்குப் போன் செய்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. எண்களைச் சொன்னதும் பிரவீனாவின் குரல் மாறியது. காலையில் வந்ததும் மறுபடி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம், பதினோரு மணிக்கு நானே கையெழுத்துப் போட்டு அப்புசாமியிடம் பேசிவிடுகிறேன் என்றாள். "அதுவரைக்கும் வெளியில யாருக்கும் சொல்லாதீங்கக்கா. சொன்னா ரெண்டு பேரு வேலையும் போகும்."

பக்கத்து ஷெட்டு யாருடையது என்று யுவஸ்ரீ அவளிடம் சொல்லவில்லை. சொல்லி அவளையும் இதில் இழுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

ஆய்வகத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வழியெல்லாம் கணக்குப் போட்டபடி வந்தாள். குஞ்சு இறங்குவது விடிகாலை ஆறு மணி. அறிக்கை வருவது பதினொன்று. இறங்கிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. மூன்றாவது வாரத்தில் தலை தொங்க ஆரம்பிக்கும். சொன்னால் விதியை மீறியதாகும். அதைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சொன்னால் அத்தை நம்புவாரா?

குஞ்சு இறக்குவது தள்ளிப்போனால் ஷெட்டைக் கழுவி, மருந்தடித்து, காலியாகப் போட்டு வைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த மாதங்களில் அத்தைக்கு வேலை இருக்காது. மீதி எட்டுச் சனிக்கிழமைகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும்.

இது புத்தியில் பட்டபோது அவள் உள்ளே ஏதோ லேசாயிற்று. ஒரு கணம்தான். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். அவ்வளவு வெட்கமாக இருந்தது. காலையில் மருமகளின் படிப்புக்கு இடைஞ்சலாக வந்த குஞ்சுகள், சாயங்காலம் மருமகளின் வாயாலேயே வேண்டாம் என்று ஆகின்றன. அத்தை இடத்தில் தான் இருந்தால் நம்புவோமா?

வெளிச்சம் இன்னும் இருந்தது. இலக்கியா முன்கட்டில் பாடப்புத்தகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். யுவஸ்ரீ வீட்டுக்குள் போகாமல் பின்பக்கம் நடந்தாள்.

நான்காவது ஷெட்டு அவள் பார்த்திராத ஒன்றாக மாறியிருந்தது. வெள்ளைச் சுவர். தரை முழுக்கப் புது உமி, அதன்மேல் காகிதம். தகட்டு வளையம் கட்டி, நடுவில் வரிசையாகக் குண்டு பல்புகள். சௌந்திரம் ஒவ்வொரு பல்பாகப் போட்டு, கீழே கை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். அவர் நடையில் வீட்டுக்குள் இல்லாத ஒரு வேகம் இருந்தது.

யுவஸ்ரீ வாசலிலேயே நின்றாள். குளித்திருந்தாலும் உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை.

"வா, வந்து பாரு" என்றார் சௌந்திரம்.

"அத்தை, குஞ்சை இப்ப எறக்க வேண்டாங்க."

சௌந்திரம் திரும்பினார். அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம். "மூணு சனிக்கெழமைக்கு ஒரு சனிக்கெழமை நான் புள்ளையப் பாத்துக்கறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படிக் கேக்கறியே" என்றார்.

"அதுக்கில்லைங்க."

"பின்ன எதுக்கு?"

சௌந்திரம் அவளைப் பார்த்தார், அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். ஷெட்டுக்குள் வராமல் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்ற கால்களைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கம்பி வலை வழியாக அப்புசாமியின் ஷெட்டைப் பார்த்தார்.

"நேத்து அங்க குழி வெட்டிக்கிட்டிருந்தாங்க. கழிச்சலா?"

பதில் இல்லை.

"கம்போரோவா?"

யுவஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எதையும் சொல்லக் கூடாதுங்கத்தை. கையெழுத்து ஆகல. நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் ஆகும்."

"அதுக்குள்ள குஞ்சு வந்துருமே."

"அதனாலதான் வந்து நிக்கறேன்."

சௌந்திரம் உமி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். ஒருமுறை இதே நோயில் குழந்தைவேல் ஆறாயிரம் குஞ்சுகளைப் பறிகொடுத்திருக்கிறார். பத்து நாள், வாரி வாரிக் குழியில் போட்டதை சௌந்திரம் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. வேறொன்று கேட்டார்.

"கையெழுத்துப் போடறது நீ இல்ல. நீ டாக்டரும் இல்ல. அப்பறம் எதை வெச்சுச் சொல்ற?"

"பாத்தேங்கத்தை. ஏழு வருசமாப் பாக்கறேன்."

"நாளைக்கு அந்தத் தாள் வேற மாதிரி வந்துச்சுன்னா? என்ற குஞ்சும் போயி, நீ உன்ற சனிக்கெழமைக்காகச் சொன்னேன்னு நான் நெனைச்சேன்னா?"

இதைத்தான் வழியெல்லாம் அவளும் கேட்டுக்கொண்டு வந்தாள். இப்போது அத்தையின் வாயிலிருந்து வந்ததும் பயம் குறைந்துவிட்டது.

"குஞ்சு வரலைன்னா எனக்குச் சனிக்கெழமை கெடைக்கும்னு தோணுச்சுங்கத்தை. தோணலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தாள் வேற மாதிரி வந்தா, நான் இந்தப் பருவம் சேரல. திங்கக்கெழமை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். அடுத்த குஞ்சு வந்து எறங்கி ஒரு மாசம் முடியற வரைக்கும் சனிக்கெழமை, ஞாயித்துக்கெழமை இந்த ஷெட்டுல நான் நிக்கறேன்."

வளையத்துக்குள் விரித்த காகிதம் பல்புகளின் வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. சௌந்திரம் இடுப்பிலிருந்து போனை எடுத்து, கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்து எண்ணைத் தேடினார்.

குஞ்சுப் பொரிப்பகத்துக்காரர் எளிதில் விடவில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது என்றார், வண்டி நள்ளிரவில் கிளம்பிவிடும் என்றார். மதியத்துக்குமேல் அனுப்ப முடியுமா என்று சௌந்திரம் கேட்டார். ஒரு நாள் குஞ்சு அவ்வளவு நேரம் தாங்காது, வேண்டாம் என்றால் இந்தச் சரக்கு கரூருக்குப் போய்விடும், மறுபடி ஆடி கழிந்துதான் என்றார் அவர். என்ன காரணம் என்றும் கேட்டார்.

சௌந்திரம் மருமகளை ஒரு தடவை பார்த்தார்.

"ஷெட்டு இன்னும் தயாராகலைங்க. என்ற தப்புத்தான். கரூருக்கே அனுப்பிருங்க."

போனை மடியில் வைத்துக்கொண்டார். யுவஸ்ரீக்கு அழுகை வந்தது. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. வாசற்படியைத் தாண்டவில்லை.

"சனிக்கெழமைய உனக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்னு நெனைச்சுக்காத" என்றார் சௌந்திரம். "அது வேற பேச்சு. அதைத் தனியாக் கேக்கோணும். கேட்டாத்தான் பதில் சொல்லுவேன்."

"கேக்கறேங்கத்தை."

"இன்னைக்கு வேண்டாம்."

எழுந்து போய் பல்புகளை அணைக்க ஆரம்பித்தார். நான்கைந்து அணைத்திருப்பார். பாதையில் பைக் சத்தம் கேட்டது. தனபால் இன்று சீக்கிரம் வந்துவிட்டான். வழக்கமாக முன்பக்கம் நிறுத்துகிறவன், பின்னால் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நேராக ஷெட்டுக்கே வந்தான். கையில் இலக்கியாவுக்கு வாங்கிய பன் பொட்டலம். வெள்ளைச் சுவரையும் உமியையும் தொங்கும் பல்புகளையும் பார்த்தான். உள்ளே நிற்கும் அம்மாவையும் வெளியே நிற்கும் மனைவியையும் பார்த்தான்.

"இங்க என்ன நடக்குது?"

அவன் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் குஞ்சு இருந்தது, அப்புசாமி இருந்தார், இன்னும் யாரும் கேட்காத எட்டுச் சனிக்கிழமைகள் இருந்தன. நாளைக் காலை பதினோரு மணி இருந்தது.

சௌந்திரம் மீதிப் பல்புகளை அப்படியே விட்டுவிட்டு மருமகளின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றியா கண்ணு, நான் சொல்லட்டுமா?"